வேலு சமன் செய்த இரண்டு கிட்டார்கள்

கூடத்தில் விரித்த கோரைப்பாயின் மேல் இரண்டு மின்சார கிட்டார்கள் கிடந்தன. இரண்டின் தலையும் வடக்குப் பக்கம் இருந்தது. சமையலறையிலிருந்து வந்த சாந்தி அதைப் பார்த்துவிட்டு, "வடக்க தலை வெச்சிக்கீது பாருங்க" என்று பாயின் ஓரத்தைப் பிடித்து, கிட்டார்களோடு சேர்த்துத் திருப்பிவிட்டுப் போனாள்.

அதுவரை இடப்பக்கம் இருந்ததை ஒன்று என்றும் வலப்பக்கம் இருந்ததை இரண்டு என்றும் மனத்தில் குறித்து வைத்திருந்தேன். பாய் திரும்பியதும் எது ஒன்று, எது இரண்டு என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்றைக்குத் தொடங்கிய குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அது ஒரு பாகப்பிரிவினை. முடிச்சூரில் நான் குடியிருக்கும் மாடியின் கீழ்வீட்டில் நடந்தது. இந்த மாடிக்கு வந்து சேர்ந்த கதையை இத்தொடரில் முன்பே எழுதிவிட்டேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்: நான் பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுதிய செய்திகளைத் திருத்தும் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவள். கீழே இருப்பவர்கள் இந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல், பிறகு பால், இப்போது மனைகளும் கடைகளும்.

பெரியவர் எத்திராஜுக்கு வருஷத் திதி முடிந்ததும் அவருடைய மகன்கள் இருவரும் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். மூத்தவர் வேலு. ஜேசிபி வாடகைக்கு விடுகிறார். சாந்தி அவர் மனைவி. இளையவன் பாபு. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லித் தருகிறான், வார இறுதியில் மேடைகளில் வாசிக்கிறான். அவன் தனியாகப் போகப்போவதால் இந்தப் பிரிவினை. சண்டை எதுவும் இல்லை.

உறவுக்காரர்கள் போதுமான அளவு இருந்தார்கள். அதில் நான் எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க வெளியாளு மேடம். பேப்பர்ல இருந்தவங்க. ரெண்டு பக்கமும் கேட்டுட்டு எழுதுவீங்க இல்ல, அது மாதிரி ஒரு ஓரமா ஒக்காருங்க" என்றார் வேலு.

அப்படித்தான் ஓரமாக உட்கார்ந்தேன். மனைகள் பிரிந்தன, கடைகள் பிரிந்தன, தென்னைகள்கூடப் பிரிந்தன. பாபு எதிலும் வாய் திறக்கவில்லை. அவன் முன்பே அண்ணனிடம் சொல்லியிருந்தான். நான் மாடிப்படியில் நின்றபோது காதில் விழுந்தது.

"எதுல எது கொறஞ்சாலும் பரவால்லண்ணா. அப்பா கிட்டார் மட்டும் எனக்கு குடுத்துடு."

வேலு அதற்குச் சொன்ன பதில்: "பங்குன்னா பங்குதான்டா. முறைப்படி வரும்."

பால்காரர் வாங்கிய பாடம்

எத்திராஜ் இளவயதில் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றியவர். அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் கார்டு வேலையில் இருந்தார். டியூட்டி இல்லாத நாட்களில் வாசல் மரத்தடியில் நாற்காலி போட்டு மின்சார கிட்டார் வாசிப்பார்.

பால் ஊற்றிவிட்டுக் கிளம்பாமல் நிற்கும் பையனை அவர் கவனித்திருக்கிறார். அடுத்த வீடுகளில் பால் தாமதமாக வருவதாகப் புகார் வந்ததாம். "பால் திரிஞ்சா பரவாயில்ல, தாளம் திரியக் கூடாதுன்னு அந்த தொர சொல்லுவாரு" என்று எத்திராஜ் என்னிடம் சொன்னார். அந்த துரை அவ்வளவு நல்ல தமிழ் பேசியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது கிட்டாரை எத்திராஜிடம் விட்டுப் போனார்கள். விற்றார்களா கொடுத்தார்களா என்று கேட்டால் அவர் ஒரு நாள் ஒரு மாதிரி சொல்வார். எப்படியோ, தாம்பரத்துக்குத் தெற்கே அமெரிக்க கிட்டார் வைத்திருந்த ஒரே பால்காரர் அவர் என்பது ஊரில் நிலைபெற்றுவிட்டது.

கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு வாசித்தார். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஒரு வட்டம். நான் குடிவந்தபோது அவருக்கு விரல்கள் மடங்கவில்லை. ஆனாலும் மாலையில் கிட்டாரை மடியில் வைத்து, மின்சாரம் இணைக்காமல், தனக்கு மட்டும் கேட்கிற அளவில் தட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் கட்டில் கம்பியைச் சுண்டுவதுபோல் மேலே எனக்குக் கேட்கும்.

கொம்புக்கு வர்ணம்

இந்த கிட்டாரின் உருவத்தைச் சொல்ல வேண்டும். உடலின் மேல்பகுதியில், கழுத்தின் இரு பக்கமும், மரம் இரண்டு கொம்புகளாக முன்னால் நீண்டிருக்கும். ஒன்று சற்று நீளம், ஒன்று குட்டை. உலகம் முழுவதும் தெரிந்த உருவம். படம் வரையச் சொன்னால் குழந்தைகள் இதைத்தான் வரையும்.

நிலங்கள் மனைகளாகி, மாடுகளும் போன பிறகு வந்த முதல் மாட்டுப் பொங்கல். பழக்கத்தில் வர்ண டப்பா வாங்கி வந்துவிட்டார் எத்திராஜ். பூச மாடு இல்லை. கொஞ்ச நேரம் வெறும் தொழுவத்தில் நின்றிருக்கிறார். பிறகு உள்ளே போய் கிட்டாரை எடுத்து வந்து, துணியால் துடைத்து, இரண்டு கொம்புகளுக்கும் வர்ணம் அடித்தார்.

அதிலிருந்து ஆண்டுதோறும் அடித்தார். கட்சிக் கொடியின் சாயல் வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பார். தமிழ்நாட்டில் அது சுலபமான வேலை இல்லை. நான் பார்த்த வருஷம் ஒரு கொம்பு ஊதா, மற்றது ஆரஞ்சு.

"அந்த பெயின்ட்டு அடிச்சா சவுண்டு செத்துடும்பா" என்று பாபு தலையில் அடித்துக்கொண்டான்.

"மாடு கத்தறது நின்னுச்சாடா பெயின்ட்டு அடிச்சதால?" என்றார் எத்திராஜ்.

தலையில்தான் விவகாரம்

இரண்டாவது கிட்டாருக்கு வருகிறேன்.

பாபு வளர்ந்து கல்லூரி விழாக்களில் வாசிக்கத் தொடங்கியபோது அப்பா தன்னுடையதை வெளியே அனுப்பவில்லை. கடைகளில் இதே உருவத்தில் மலிவான கிட்டார்கள் கிடைத்தன. சீனாவிலிருந்து வந்தவை, இந்தியாவில் செய்தவை. இது சட்டப்படி எப்படி முடிகிறது என்று பாபுவிடம் கேட்டேன்.

"பாடி ஷேப்பை யார் வேணா போடலாம்க்கா. தலை மட்டும்தான் அந்த அமெரிக்கா கம்பெனிக்குச் சொந்தம். அதனால காப்பி போடறவங்க தலையை மட்டும் லேசா செதுக்கி மாத்திடுவாங்க."

உடலை நகலெடுக்கலாம், தலையை எடுக்கக் கூடாது. நான் வேலை பார்த்த இடத்தில் நேர்மாறாக நடக்கும். அடுத்த பத்திரிகையின் செய்தியில் தலைப்பை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

கடை கிட்டார் எத்திராஜுக்குப் பிடிக்கவில்லை. திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் வேலுவின் நண்பர் தாமு ஒரு பட்டறை வைத்திருக்கிறார். வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கு மர அச்சுகள் கடையும் வேலை. அவரிடம் பழைய கிட்டாரைக் கொடுத்து, அளவெடுத்து, அதேபோல் ஒன்று செய்யச் சொன்னார். தாமு தலையையும் சேர்த்து அப்படியே கடைந்துவிட்டார். அமெரிக்கக் கம்பெனிக்குத் திருமுடிவாக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை.

அதற்குப் பிறகு பொங்கலுக்கு இரண்டு கிட்டார்களுக்கும் கொம்பில் வர்ணம் ஏறியது. ஒன்றுக்குப் பூசி மற்றதை விட்டால் அது ஏங்கிப்போகும் என்று எத்திராஜ் சொன்னார். மாட்டைப் பற்றிப் பேசுகிறாரா கிட்டாரைப் பற்றியா என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு முடிச்சூரை மூழ்கடித்த அந்த வெள்ளம். கீழ்வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். இரண்டு கிட்டார்களும் சேற்றில் கிடந்தன. தலையில் இருந்த எழுத்துகள் உரிந்துபோயின, தகடுகள் துருப்பிடித்தன. எத்திராஜ் இரண்டையும் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரே டப்பாவிலிருந்து வார்னிஷ் அடித்தார். தாமு இரண்டுக்கும் ஒரே மாதிரித் தகடு வெட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. அப்பாவுடையது கூடத்துச் சுவரில் தொங்கும். பாபுவுடையது பாபுவின் தோளில் தொங்கும். அடையாளம் அவ்வளவுதான்.

மேடு பள்ளம்

இனி பாய்க்குத் திரும்பலாம்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பிரிவினைக்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எதை எடுப்பான் என்று தெரியாததால் மூத்தவன் நேர்மையாகப் போடுவான். வேலு இதில் ஒரு படி மேலே போவார். நிலத்தில் ஒரு பங்கு மேடாகவும் மற்றது பள்ளமாகவும் இருந்தால், ஜேசிபியை விட்டு இரண்டையும் சமன் செய்துவிட்டுத்தான் கயிறு பிடிப்பார். அவர் சித்தப்பா வகையிலும் மாமா வகையிலும் பல பேருக்கு அப்படிப் பிரித்துக் கொடுத்த பெயர் இருக்கிறது.

"இது ஒரு பங்கு, அது ஒரு பங்கு. எடுத்துக்க தம்பி" என்றார், பாயைக் காட்டி.

"ரெண்டாவது என் கிட்டார் ஆச்சே" என்றான் பாபு.

"பொதுக் காசுல செஞ்சதுதானே? எல்லாம் பொதுவுலதான் வரும்."

உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். பாபு சிரித்தபடியே குனிந்து ஒன்றை எடுத்தான். கழுத்தைப் பிடித்துத் தடவினான். கீழே வைத்தான். மற்றதை எடுத்தான். சிரிப்பு போய்விட்டது. மறுபடி முதலாவதை எடுத்தான்.

"அண்ணா. இன்னா பண்ண இத?"

"சமன் பண்ணேன்."

"சமன்னா?"

வேலு பெருமையோடு விளக்கினார். அவர் குரலில் ஒளிவுமறைவு இல்லை. "அப்பாது ஒசத்தி, உன்து காப்பி. அப்டியே வெச்சா ஒரு பங்கு மேடு, ஒரு பங்கு பள்ளம். அதான் தாமுகிட்ட எடுத்துனு போய், இதோட கழுத்தை அதுலயும் அதோட கழுத்தை இதுலயும் மாட்டச் சொன்னேன். நாலு ஸ்க்ரூதானே. இனிமே நீ எதை எடுத்தாலும் அப்பாது பாதி வரும். நான் எதை எடுத்தாலும் பாதி வரும்."

பாபு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"பிக்கப்பு?" என்றான் மெல்ல. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்கள் அவை. ஒவ்வொரு கிட்டாரிலும் மூன்று.

"அதுதான் பேஜாரா பூடுச்சு. மூணை எப்டி ரெண்டா பிரிக்கறது? ஆறையும் ஒரு தட்டுல கொட்டிக் குலுக்கி, கண்ணை மூடிக்கினு எடுத்து மாட்டச் சொன்னேன். அப்பதான யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது."

"இதுக்கு என்னை ரெண்டா வெட்டி இருக்கலாம்ண்ணா."

"இன்னாடா பேசற. உனக்கு நியாயமா வரணும்னுதான் ஒரு நாள் வேலையை வுட்டுட்டு தாமு பட்டறையில ஒக்காந்திருந்தேன்."

அதுவும் உண்மைதான். இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுதச் சொன்னால் இந்த இடத்தில் நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாந்திதான் வழி சொன்னாள். "நாலு ஸ்க்ரூதானே? திருப்பி மாத்திட்டா போச்சு. ஏன் மூஞ்சை தூக்கி வெச்சிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்."

வேலு தாமுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பின்னணியில் ஏதோ இயந்திரம் மரத்தைக் கடைந்துகொண்டிருந்தது.

"தாமு, எந்தக் கழுத்தை எதுல மாட்டின?"

"மாத்தி மாட்டினேன் மச்சான். நீ சொன்ன மாதிரி."

"சரி, திருப்பி மாத்தினா பழசு வந்துடும் இல்ல?"

தாமு இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மொதல்ல மாத்தினேன். ஒண்ணு நேரா நிக்கல. கழட்டிட்டேன். அப்புறம் சாப்ட போனோமே, ஞாபகம் கீதா? வந்து மறுபடியும் மாட்டினேன்."

"மறுபடி மாத்தி மாட்டினியா, மாத்தாம மாட்டினியா?"

"பெஞ்சு மேல ரெண்டும் ஒரே மாதிரி கெடந்துச்சு மச்சான். தெரிலியே."

அதாவது கழுத்துகள் மாறியிருக்கலாம். அல்லது இரண்டு முறை மாறிப் பழைய இடத்துக்கே வந்திருக்கலாம். என் மூளைக்குள் ஒரு படம் வரைந்து பார்த்தேன். பிக்கப்புகளையும் சேர்த்தபோது படம் கலைந்துவிட்டது.

குரோம்பேட்டையில் ஒரு விடை

குரோம்பேட்டையில் கிட்டார் பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. பாபுவுக்குக் கடைக்காரரைத் தெரியும். வேலுவின் காரில் போனோம். சகோதரர்கள் பேசிக்கொள்ளவில்லை. முன் சீட்டில் வேலுவுக்குப் பக்கத்தில் ஒரு கிட்டார் பெல்ட் போட்டு உட்கார்ந்தது. பின்னால் எனக்கும் பாபுவுக்கும் நடுவில் இன்னொன்று. ஜிஎஸ்டி ரோட்டில் எப்போதும்போல் நெரிசல். ஒவ்வொரு பிரேக்குக்கும் கம்பிகள் லேசாக முனகின.

கடைக்காரர் இரண்டையும் திறந்தார். விளக்கைக் கிட்டே பிடித்தார். உள்ளிருந்த கம்பிகளையும் சுருள்களையும் ஊக்கால் புரட்டினார். நாங்கள் மூவரும் ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்பவர்கள்போல் நின்றோம்.

"எது அமெரிக்காதுன்னு கேக்கறீங்களா?" என்றார் கடைசியில். "ரெண்டுலயும் சேத்து அமெரிக்கா சரக்கு ஒண்ணுகூட இல்ல சார்."

வேலு முன்னால் வந்தார். "இன்னா சொல்றீங்க?"

"பழைய பார்ட்ஸ் எல்லாம் ஜப்பான். அந்தக் காலத்துல ஜப்பான்காரன் இந்த மாடலை நெறைய காப்பி அடிச்சான். நல்லாவே அடிச்சான். கப்பல்ல வந்து சேர்ந்திருக்கும். உங்க அப்பா வாங்கினது ஜப்பான் காப்பி. உங்க தம்பியோடது அந்தக் காப்பிக்குக் காப்பி."

துரை அதை அறிந்து வாசித்தாரா, அறியாமல் வாசித்தாரா, எத்திராஜுக்குத் தெரியுமா, எதற்கும் இனி விடை கிடையாது. ஊர் அவரை அமெரிக்க கிட்டார்காரர் என்று அத்தனை ஆண்டுகள் சொன்னது. யாரும் பொய் சொன்னதாகவும் தெரியவில்லை.

வேலுவின் முகம் தெளிந்தது. "அப்போ பிரச்சினை முடிஞ்சுது. ஒசத்தின்னு ஒண்ணு கெடையாது. ரெண்டும் காப்பி. ரெண்டும் சமம்."

பாபு அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். "கம்பெனி கிட்டாரு யாருண்ணா கேட்டா? நான் அப்பா கிட்டார கேட்டேன்."

வேலு கார் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

கடைக்காரர் ஒரு வழி இருக்கிறது என்றார். பெயின்ட்டையும் வார்னிஷையும் முழுவதுமாகச் சுரண்டி எடுத்தால் மரம் தெரியும். ஜப்பான் மரம் எது, திருமுடிவாக்கம் மரம் எது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். சுரண்டும் கத்தியைக்கூட எடுத்துவிட்டார்.

பாபு அவர் கையைப் பிடித்தான். கொம்பின் நுனியில் ஊதாவுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ரோஸ் என்று, வெள்ளத்துக்குப் பின் எத்திராஜ் கண்ட பொங்கல்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்காகத் தெரிந்தன. இரண்டு கிட்டாரிலும் அப்படியே இருந்தது.

"வேணாம்ண்ணா. மூடிடுங்க" என்றான்.

வேலு ஆச்சரியமாகப் பார்த்தார். கண்டுபிடிக்கத்தானே வந்தோம் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன். திரும்பும் வழியில் தாம்பரம் பாலம் பின்னால் போய் வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது. அதுவும் அரைகுறையாக.

கிணற்று முறை

காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே வேலு பேசினார்.

"கழனி இருந்தப்ப கிணத்தைப் பிரிக்க மாட்டாங்க. பொதுவுல வெச்சிட்டு, நாளுக்கு ஒருத்தர் முறை வெச்சு எறைப்பாங்க. அது மாதிரி வெச்சிக்கலாமாடா? ஒண்ணு நீ எடுத்துனு போ. வாசிச்சுப் பாரு. அப்பாது இது இல்லன்னு தோணிச்சுனா கொண்டாந்து குடுத்துட்டு அதை எடுத்துக்க. எத்தினி வாட்டி வேணா."

"தோணலேன்னா?"

"தோணற வரைக்கும்."

பாபு கூடுவாஞ்சேரி பிளாட்டுக்குக் குடி போன அன்று ஒரு கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனான். மற்றது கூடத்துச் சுவரில் பழைய ஆணியில் ஏறியது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக் சத்தம் கேட்டது. பாபு வந்தான். தோளில் கறுப்பு உறை.

"இது இல்லண்ணா. கனமா கீது. அப்பாது லேசா இருக்கும்."

மாற்றிக்கொண்டு போனான். சாந்தி சோறு போட்டாள். வஞ்சிர மீன் குழம்பு. அடுத்து வந்தபோது, "சவுண்டு கூர்மையா கீது. அப்பாது கொஞ்சம் மூடி இருக்கும்" என்றான். அதற்கடுத்து வந்தபோது கழுத்து தடிப்பு என்றான், அதற்கும் அடுத்து வந்தபோது கழுத்து மெலிசு என்றான். அவன் சொல்லும் குறைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் எத்திராஜ் வாசித்த கிட்டார் ஒரே சமயத்தில் மெல்லியதாகவும் தடிமனாகவும் இருந்திருக்க வேண்டும்.

"அடுத்த வாட்டி இன்னா கொறை சொல்லுவான்னு பந்தயம் கட்டலாமாக்கா?" என்று சாந்தி என்னிடம் கேட்டாள். "இவரு வேற, சனிக்கிழமையே காசிமேட்டுல இருந்து மீன் வருதான்னு போன் போட்டுக் கேட்டுக்கினு கீறாரு."

அவர்கள் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் வேலுவும் பாபுவும் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. வேலு எழுந்தால் பாபு தூங்குவான், பாபு திரும்பினால் வேலு தூங்குவார். இப்போது சாப்பாட்டுக்குப் பின் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். பேசுவது பெரும்பாலும் ஜேசிபி ரிப்பேர் பற்றி. கிட்டாரை மாற்றுவது கடைசியில்தான், செருப்பு மாட்டுகிற நேரத்தில்.

மாறாமல் போனது

போன மாதம் ஒரு ஞாயிறு. நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பாபு வந்து, உறையை வாசற்படிக்கு அருகே சாய்த்து வைத்தான். வேலு வழக்கம்போல் சுவரிலிருந்த கிட்டாரை இறக்கி, அதே நிறத்து உறையில் போட்டு, கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். சாப்பிட்டார்கள், பேசினார்கள். மழை தூறியது. சாந்தி ஓடிவந்து வாசலில் இருந்த உறையை உள்ளே எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள்.

கிளம்பும்போது பாபு கால்மாட்டில் இருந்ததை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். தான் கொண்டுவந்ததையே.

அப்படித்தான் பார்த்தேன் என்று நம்புகிறேன். மேலிருந்து கீழ்வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தது, நடுவில் தூறலுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு ஒரு முறை உள்ளே போனேன். என் பழைய மேசைக்கு இந்தச் செய்தி வந்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மறுநாள் மாலை பாபு எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, கெடச்சிடுச்சு. இதுதான். நேத்து எடுத்துனு வந்தேன் இல்ல, இதுதான் அப்பா கிட்டாரு. மொத கம்பி தட்டினதுமே தெரிஞ்சுது. இத்தினி நாள் எப்டி தெரியாம போச்சுன்னு தெரில. அண்ணாகிட்டயும் சொல்லிட்டேன்."

நான் நல்லது என்றேன்.

கீழே இறங்கிப் போனேன். வேலு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுவரில் கிட்டார் தொங்கியது.

"பாத்தீங்களா மேடம்" என்றார்.

"எதை?"

"அவன் கொண்டாந்ததையே எடுத்துனு போயிட்டான். நீங்க மேல நின்னுனு இருந்தீங்களே."

"பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. நீங்களும் பார்த்தீர்களா?"

"கையில தூக்கினான் இல்ல, அப்பவே பாத்தேன்."

"சொல்லவில்லையா?"

வேலு சுவரைப் பார்த்தார். "சொன்னா திரும்பி மாத்திக்க வருவான். எனக்கு நல்லதுதான். ஆனா அப்பாது கெடச்சிடுச்சுன்றான். கெடச்சதைப் போயி எப்டி இல்லன்றது?" பிறகு ஆணியில் தொங்கிய கிட்டாரை நேராக்கியபடி, "இனிமே மாத்திக்க ஒண்ணும் இல்ல. எதுக்கு வரப் போறான்" என்றார்.

வாழ்நாள் முழுவதும் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பியவர் இதை மட்டும் அப்படியே விட்டார். சாந்தியிடம்கூடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுவதற்கு முன் வேலுவிடம் கேட்டேன். "எழுதுங்க, அவன் பேப்பர் எங்க படிக்கறான்" என்றார்.

அடுத்த ஞாயிறு பைக் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வேலு முதல் வாரம் மீன் வாங்கச் சொன்னார். இரண்டாம் வாரம் சொல்லவில்லை.

மூன்றாம் ஞாயிறு சாந்தி தானாகவே வாங்கியிருந்தாள். குழம்பு கொதிக்கும் வாசனை மாடிக்கு வந்த நேரத்தில் தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. கீழே வேலுவின் கட்டில் கிறீச்சிட்டது. நான் கைப்பிடிச் சுவருக்கு வந்தேன்.

பாபு வண்டியை நிறுத்தி இறங்கினான். தோளில் எதுவும் இல்லை.

அதற்குள் வேலு, பழக்கத்தில், சுவரிலிருந்த கிட்டாரை இறக்கி இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிட்டார். தம்பியின் தோளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார்.

"எங்கடா அது?"

"வூட்ல கீது."

"அப்போ இத இன்னா பண்றது?"

பாபு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். "உள்ள மாட்டுண்ணா. கொழம்பு ஆறிடும்" என்று அண்ணனைக் கடந்து உள்ளே போனான்.